சனிக்கு நேர் எதிரே

சார்பதிவாளராக வேலை பார்த்த காலம் முழுவதும் யக்ஞநாராயணன் தன் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. அவருடைய அப்பாவும் அப்படித்தான். தலைமையாசிரியராக இருந்த அவர், நன்னடத்தைச் சான்று கேட்டு வந்த சொந்தத் தங்கை மகனையே, "ரெண்டு வருஷமா நீ என் கண்ணுலயே படலியேடா, எதை வெச்சு எழுதித் தரது?" என்று திருப்பி அனுப்பியவர். அந்த வீட்டு வாக்கு என்றால் ராஜகீழ்ப்பாக்கம் வசந்தம் அவென்யூவில் தனி மரியாதை உண்டு. மதில் சுவர்த் தகராறு வந்தால்கூட, "மாமா என்ன சொல்றார்?" என்று கேட்டு அதோடு முடித்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவரின் படத்தைத்தான் பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது குடியிருப்போர் சங்க அறையின் சுவரிலிருந்து கழற்றி, மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

படம் என்றால் அவர் உருவப்படம் அல்ல. அவர் எடுத்த சனிக் கிரகத்தின் படம்.

எழுபது முடிந்து பீமரத சாந்தி நடந்தபோது, மகள் ரோஹிணி வேட்டி அங்கவஸ்திரத்தோடு ஒரு தொலைநோக்கியும் வாங்கி வந்தாள். கடற்கொள்ளைக்காரர்கள் முனையில் கண்ணை வைத்துப் பார்க்கும் குழாய் மாதிரி அல்ல அது. தவலை வாய் அகலத்தில் ஒரு குட்டைக் குழாய், அதன் அடியில் ஒரு குழிக் கண்ணாடி. வானத்திலிருந்து வரும் ஒளியை அந்தக் கண்ணாடி மேலே திருப்பி அனுப்ப, மேலே இருக்கும் இன்னொரு சின்னக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும். பார்க்கிறவர் குழாயின் விலாப்பக்கம் நின்றுதான் பார்க்க முடியும்.

முதலில் மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தார். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இருட்டிய பிறகு அனலாக மூச்சு விட்டது. கொதிக்கும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சனி நெளிந்தது. தொலைநோக்கியைக் கீழே இறக்கி, கொல்லையில் கிணற்றுக்கும் வாழைக்கும் நடுவே மண் தரையில் வைத்தார். நெளிசல் அடங்கியது. கைபேசியைக் கவ்விப் பிடிக்கும் கிடுக்கியைக் கண்வில்லையில் மாட்டிப் படம் எடுத்தால், வெள்ளையாக ஒரு ஜவ்வரிசி விழுந்தது. வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே பல மாலைகள் போயின. குறைத்த பிறகு ஜவ்வரிசிக்கு மஞ்சள் நிறம் வந்தது, உருவம் வரவில்லை. பூமி சுற்றுகிற வேகத்தில் சனி நழுவி நழுவி ஓடியது. துரத்திக் குழாயைத் தள்ளினால் ஒரு முழம் தாண்டிப் போய் நின்றது.

பின்வீட்டுச் சவுரிமுத்து சுவருக்கு மேலே தலையை நீட்டி இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பார். கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்குமாக மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், மண்ணின் மைந்தர்.

"இன்னா சார், மாட்டுச்சா?"

"வரும், வரும்."

"எங்களை எல்லாம் சனி தானா வந்து புடிக்குது. தேடிக்கினு போய்ப் புடிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான் சார்."

ஒரே ஒரு படம் எடுத்தால் காற்றின் கலங்கல் அதில் பதிந்துவிடும், வீடியோவாக எடுத்தால் அதில் காற்று அசையாத கணங்களில் பதிந்த சட்டங்களை, அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களை, கணினி நிரல் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும் என்று பிற்பாடு படித்தார். அவருக்குத் தயக்கமாக இருந்தது. இது ஜோடனை ஆகாதா? இரண்டு நாள் யோசித்துத் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டார். இருப்பதைப் பொறுக்கலாம், அடுக்கலாம். இல்லாததைச் சேர்க்கக் கூடாது.

புயல் மழையெல்லாம் ஓய்ந்து மார்கழி வானம் திறந்த ஒரு மாலையில் படம் வந்தது. வெளிர் மஞ்சளாக ஒரு பந்து. அதன் நடுவே, எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்தி மறுபக்கம் வாங்கினாற்போல, நேராக ஒரு கோடு.

வளையம் இல்லை.

கண்ணாடி கோணலோ என்று திருகாணிகளைத் திருகிப் பார்த்தார். கோடுதான். கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தார். கோடுதான். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் கண்ணிலும் கோடு தெரிந்தது, கைபேசியிலும் கோடுதான் விழுந்தது. ஆகவே கோடு என்றே ஒப்புக்கொண்டு, நல்ல தாளில் அச்சிட்டு, சங்கத்தின் பொங்கல் விழாப் புகைப்படப் போட்டிக்குக் கொடுத்தார். 'அவரவர் கையால் எடுத்த படங்கள் மட்டும்' என்று போட்டி அறிவிப்பில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அந்தப் படம்தான் இப்போது குப்புறக் கிடந்தது.

"தப்பா எடுத்துக்காதேள் மாமா" என்றான் அனந்தகிருஷ்ணன். சங்கச் செயலாளன். ஐம்பது வயதாகியும் அவர் பார்வைக்குப் பையன்தான். "கமிட்டில ஒரு ஃபீலிங். இந்தக் காலத்துல போன்ல என்ன கேட்டாலும் படம் போட்டுக் குடுத்துடறது. சனின்னா வளையம் இருக்கணுமோல்லியோ? குழந்தைகூட சொல்லும். இதுல குறுக்க ஒரு கோடு. ஏதோ ஆப்ல தப்பா வந்துடுத்துன்னு பேசிக்கறா."

"ஆப்பிலே வரலை. கொல்லையிலே எடுத்தேன்."

"சாஃப்ட்வேர் எதுவுமே யூஸ் பண்ணலியா மாமா?"

யக்ஞநாராயணன் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்துவிடும்.

"பண்ணினேன். நல்ல சட்டத்தைப் பொறுக்கி அடுக்கறதுக்கு."

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "பரவாயில்ல மாமா, வயசானவா ஆசைப்பட்டு ஏதோ பண்ணியிருக்கேள், நாங்க ஒண்ணும் நினைச்சுக்கலை" என்றான் அனந்தகிருஷ்ணன், அன்பாக. அந்த அன்புதான் சுருக்கென்று தைத்தது.

அவர் வீடு போய்ச் சேருவதற்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. 'சனி பகவான் நாமம் போட்டுக்கொண்டார், ஆனால் படுக்கை வசத்தில்' என்று ஒருவர் எழுத, அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். சாயங்காலம் ஊரப்பாக்கத்திலிருந்து ரோஹிணியின் மாமனார் கூப்பிட்டார்.

"சம்பந்தி, ஒண்ணுமில்லை, சும்மாத்தான் பண்ணினேன். ஏதோ படம் விஷயமா… நாலு குரூப் தாண்டி இங்க வந்துது. நம்ம பேர் அதுல இருக்கேன்னு பார்த்தேன்."

"நம்ம பேர்தான். படமும் நான் எடுத்ததுதான்."

"அப்படியா. சரி, சரி" என்றார் சம்பந்தி. அந்த இரண்டாவது 'சரி' அவருக்குப் பிடிக்கவில்லை.

போனைக் கீழே வைக்கப் போனவர் கண்ணில், திரையில் அந்தப் படத்துக்குக் கீழே மினுக்கிக்கொண்டிருந்த ஒரு பொத்தான் பட்டது. 'மேம்படுத்து' என்றது. என்னதான் செய்யும் என்று தொட்டார். கண் மூடித் திறப்பதற்குள் கோடு அகன்றது, வளைந்தது, பந்தைச் சுற்றித் தகதகவென்று ஒரு வளையமாக நின்றது. பள்ளிக்கூடப் புத்தக அட்டையில் போடலாம். மனைவி அபிதகுஜாம்பாள் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, இது ரொம்ப நன்னாயிருக்கே. இதையே குடுத்துடுங்கோளேன். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டா."

"சொல்ல மாட்டா. அதுதான் கஷ்டம்" என்றார் அவர். பொய்யை நீட்டினால் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். மெய்யை நீட்டினால் குப்புறக் கவிழ்க்கிறார்கள். அவர் அந்த வளையத்தை அழித்தார். அழித்துவிட்டுக் கையைக்கூடக் கழுவிக்கொண்டு வந்தார்.

அபிதகுஜாம்பாளுக்கு இந்தச் சனி சமாசாரமே ஆரம்பத்திலிருந்து ஒப்பவில்லை. கோயிலில் சனி சந்நிதிக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது, ஒதுங்கி நின்றுதான் சேவிக்க வேண்டும் என்று வளர்ந்தவள், அங்கே அவரையும் ஒவ்வொரு தடவையும் 'தள்ளி நில்லுங்கோ' என்பவள். இந்த மனுஷர் குழாய் வைத்தல்லவா உற்றுப் பார்க்கிறார். அவள் இதுவரை கொல்லைப் பக்கம் வந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அன்று ராத்திரிப் பலகாரத்துக்கு அடை வார்த்தாள். யக்ஞநாராயணன் மணையில் உட்கார்ந்திருக்க, அவள் எவர்சில்வர் தட்டை ஏந்திக்கொண்டு வந்து, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து நீட்டினாள்.

"அப்படியே நில்லு" என்றார்.

"அடை ஆறிடும்."

"ஆறட்டும். தட்டை அசைக்காதே."

வட்டமான தட்டு. அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு கோடு. தலையைக் கொஞ்சம் உயர்த்தினார், கோடு அகன்றது. தாழ்த்தினார், மறுபடியும் கோடு. எழுந்து போய் ரோஹிணியைக் கூப்பிட்டார். எதிர்முனையில் அவள் எதையோ தேடிப் படித்துவிட்டுச் சொன்னாள்: "கரெக்ட்ப்பா. ஏறக்குறைய பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வளையம் நமக்கு விளிம்பைக் காட்டுமாம். இந்த சீசன்ல அப்படித்தான் இருக்காம். இப்ப வளையம் பெரிசா தெரியற படம் யாராவது காட்டினா, அதுதான் பழைய படம், இல்லேன்னா பொய்ப் படம்."

யக்ஞநாராயணன் ஆறிப்போன அடையை ருசித்துச் சாப்பிட்டார். பிறகு சங்கக் குழுவில் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக எழுதினார்:

'போகியன்று மாலை விளக்கு வைத்ததும் என் வீட்டுக் கொல்லையில் சனியைக் காட்டுகிறேன். படத்தில் இருப்பது வானத்தில் இல்லை என்று வந்தவர்கள் சொன்னால், படத்தை நானே கிழித்துவிடுகிறேன். அதன் பிறகு இந்தக் காலனியில் எந்த விஷயத்துக்கும் என் வாக்கைக் கேட்க வேண்டியதில்லை. செயலாளர் முதலில் பார்க்கவும்.'

இந்தத் தடவை சிரிக்கும் முகம் ஒன்றுகூட வரவில்லை.

போகி அன்று விடியற்காலையிலேயே தெருவுக்குத் தெரு பழைய பாயும் துடைப்பமும் எரிந்து, தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை புகை கம்பளம் போர்த்திக்கொண்டு கிடந்தது. விமானங்கள் தாமதம் என்று டிவியில் ஓடியது. மத்தியானம் ஆகியும் வானம் கழுவாத கண்ணாடி டம்ளர் மாதிரிதான் இருந்தது. யக்ஞநாராயணன் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். தள்ளி வைக்கலாம் என்று யாரோ குழுவில் எழுதினார்கள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று பதில் போட்டார்.

சாயங்காலம் சவுரிமுத்து சுவர் மேல் ஏறி நின்று, மேற்கு மூலையில் குறுக்கே தொங்கிய தன் தென்னை மட்டைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். "நம்ம மரத்தால உங்க மானம் போவக் கூடாது சார்" என்றார். தன் வீட்டுப் பின்விளக்கையும் அணைத்தார். "புகை கீதேன்னு பாக்காதீங்க. காத்தே இல்ல, பாருங்க. ஒரு எலை ஆடல."

மெய்தான். மேற்கே வெளிச்சம் வடிந்ததும், புகைக்கு உள்ளிருந்து மங்கலாக ஒரு மஞ்சள் புள்ளி வந்தது. யக்ஞநாராயணன் குழாயைத் திருப்பிக் கண்ணை வைத்தார். வைத்தவர் சற்று நேரம் எடுக்கவில்லை. இத்தனை நாளில் சனி இப்படி ஆடாமல் அசையாமல் நின்றதே இல்லை. புகை அதன் வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்றிருந்தது. ஆனால் காற்று செத்துக் கிடந்ததால், பந்தும் அதில் குத்திய கோடும் வெட்டி ஒட்டினாற்போல் துல்லியமாக இருந்தன.

காலனியே வந்திருந்தது. மாமிகள், கைக்குழந்தைகள், இருமிக்கொண்டே வந்த பெரியவர்கள். ஊரப்பாக்கத்திலிருந்து சம்பந்தியும் ரயில் பிடித்து வந்து, கிணற்று மேடை ஓரமாக நின்றார். இத்தனை பேர் இருந்தும், தொலைநோக்கியைச் சுற்றி ஒரு மாக்கோலம் போடும் அளவுக்கு இடம் காலியாகவே கிடந்தது. ஒருவரும் அந்த எல்லைக்குள் காலை வைக்கவில்லை.

"வா, அனந்தகிருஷ்ணா" என்றார் யக்ஞநாராயணன்.

அனந்தகிருஷ்ணன் அசையவில்லை. அவன் மனைவி அவனுடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா… நான் நம்பறேன். விடுங்கோ. படத்தை மாட்டிடலாம்."

"நம்ப வேண்டாம். பார்க்கணும்."

"இல்ல மாமா. எனக்கு மீன ராசி. ஏழரை நடந்துண்டிருக்கு. சனிக்கிழமை தவறாம எள் தீபம் போட்டுண்டிருக்கேன். இப்பப் போய் நேருக்கு நேர்…" என்று இழுத்தான். அவன் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் நின்றவர்களில் ஒருவர் தனக்கு அஷ்டமச் சனி என்றார். இன்னொரு மாமி, தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் மருமகளுக்கு ஆகாது என்றாள். கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது.

இது யக்ஞநாராயணன் எண்ணிப் பார்க்காத இடைஞ்சல். புகையை எண்ணிப் பயந்தார், தென்னையை எண்ணிப் பயந்தார். பார்க்கவே மாட்டேன் என்கிறவர்களிடம் எதை நிரூபிப்பது? பார்க்காமல் 'நம்புகிறேன்' என்பது பிச்சை போடுவது. அவர் வீட்டில் அப்படி ஒரு சான்றை யாரும் கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை. மேற்கே பார்த்தார். கயிறு கட்டியிருந்த மட்டைகளை நோக்கிச் சனி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் தென்னைக்குள் போய்விடும்.

அப்போது சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு அபிதகுஜாம்பாள் வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேரே அந்தக் காலி இடத்துக்குள் நடந்தாள். குழாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அதன் வாய் மேற்கே பார்த்திருந்தது. கண்வில்லை பக்கவாட்டில் இருந்தது. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள், அடியில் கண்ணாடி மின்னியது.

"ஏன்னா, சனி எந்தப் பக்கம் இருக்கார்?"

"அதோ, மேற்கே. தென்னைக்கு மேலே."

"நான் பார்க்கறச்சே என் மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கும்?"

"சவுரிமுத்து வீட்டுப் பக்கம். தெற்கே."

"அப்ப நேருக்கு நேர் எங்கே பார்க்கறேன்?" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ஒதுங்கி நின்னு, தலையைக் குனிஞ்சுண்டு, கண்ணாடியில தெரியற நிழலைத்தானே பார்க்கறோம்? கோயில்ல சேவிக்கற மாதிரியேதான் பண்ணி வெச்சிருக்கான் இதைச் செஞ்சவன். இதுல தோஷம் எங்கேர்ந்து வரும்?"

சொல்லிவிட்டுக் குனிந்து கண்ணை வைத்தாள்.

"கோடு" என்றாள். "தட்டை நீட்டினேனே, அந்த மாதிரி. ஏன்னா, பக்கத்துல குட்டியா ஒரு புள்ளிகூட இருக்கே."

"அது சனியோட நிலா."

"அதுக்கும் நிலாவா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். நகர்ந்தவள் அனந்தகிருஷ்ணனைப் பார்த்து, "வாடா. எள் தீபம் போடறவனுக்கு எதிர்ல வந்து தரிசனம் குடுத்திருக்கார். ஓடினா நன்னாயிருக்குமா?" என்றாள்.

அவன் மனைவி சட்டையை விட்டாள். அனந்தகிருஷ்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். குனிந்தான். வெகு நேரம் குனிந்தே இருந்தான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"கோடுதான் மாமா" என்றான். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னான். "மாமா எடுத்தது அப்படியே இருக்கு. நாமதான் புஸ்தகத்தைப் பார்த்துண்டு பேசினோம்."

அதன் பிறகு வரிசையை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டியிருந்தது. சவுரிமுத்து, பிளாட்பாரத்தில் நிற்கிற தோரணையில் நின்று, "ஒருத்தர் ஒருத்தரா வா, தள்ளாத, எல்லாரும் ஏறினப்புறம்தான் வண்டி எடுப்பேன்" என்று சத்தம் போட்டார். அஷ்டமச் சனிக்காரர் இரண்டு தடவை பார்த்தார். மருமகளுக்கு ஆகாது என்ற மாமி மருமகளையே கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அபிதகுஜாம்பாள் எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து, ஒவ்வொருவர் கண்ணுக்கு நேராகவும் நீட்டி, சாய்த்து, மறுபடி நேராக்கி, வளையம் எங்கே போயிற்று என்று விளக்கிக்கொண்டிருந்தாள். சம்பந்தி கடைசியில் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு பிரின்ட் வேணும், சம்பந்தி. ஹால்ல மாட்டணும்" என்றார். சனி தென்னை மட்டைக்குள் இறங்கும்வரை யக்ஞநாராயணன் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போதெல்லாம் தள்ளினால் ஒரு மயிரிழைதான் நகர்ந்தது.

மறுநாள் பொங்கல் விழா. அனந்தகிருஷ்ணனே ஸ்டூல் போட்டு ஏறி, படத்தைச் சுவரின் நட்டநடுவில் மாட்டினான்.

"சரியா இருக்கா மாமா?"

"இடது பக்கம் இறங்கியிருக்கு. ஏத்து. போன தடவையும் கோணலாத்தான் மாட்டியிருந்தே."

அவன் ஏற்றினான். கீழே 'எடுத்தவர்: யக்ஞநாராயணன், கொல்லைப்புறம், ராஜகீழ்ப்பாக்கம்' என்று அவனே எழுதி ஒட்டினான். முதல் பரிசு என்று அறிவித்தபோது கைதட்டல் வெளியே சர்க்கரைப் பொங்கல் பந்தி வரை கேட்டது.

கூட்டம் படத்தைப் பார்க்க வந்தது. எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை. கதவுப் பக்கமாகக் கொஞ்சம் பேர், ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் பேர், எல்லாரும் ஒதுங்கி நின்று, கழுத்தை மட்டும் நீட்டி, ஓரக்கண்ணால் பார்த்தார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். படத்துக்கு நேர் எதிரே ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு, அறையின் கோடி வரை வழி திறந்து கிடந்தது.

அந்த வழியில் யக்ஞநாராயணன் நடந்து வந்தார். படத்துக்கு நேர் எதிரே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதுகு வளையாமல் நின்றார். தான் பார்த்தது, தான் சொன்னது, இரண்டும் ஒன்றாகச் சுவரில் தொங்கின. அபிதகுஜாம்பாள் பக்கவாட்டில் நின்று அவரைப் பார்த்தாள். இந்த ஒரு தடவை, தள்ளி நில்லுங்கோ என்று சொல்லவில்லை.